மலை ஏறக் கட்டணம்



ஒஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்குள் இறங்கும் மலைப்பாதை ஒன்று உண்டு. டிம்மல்ஸ்யோ என்பது அந்தக் கணவாயின் பெயர். ஏறக்குறைய 2,500 மீற்றர் உயரம். நமது பிதுருதலாகலை உச்சியளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். கோடையில் மட்டுமே வாகனம் போகலாம், அதற்கும் சாவடியில் பணம் கட்ட வேண்டும். கட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் மலையைப் பார்த்து மகிழ விடுமுறையில் போகிறவர்கள்.

எல்லையும் சாவடியும் உங்களுக்குப் புதியவையல்ல. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபின் ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, ஒரு பக்கம் அடையாள அட்டை, மறுபக்கம் வரிச்சீட்டு என்று பயணம் செய்தவர்கள் உங்களில் பலர். 2006 ஆகஸ்டில் முகமாலை மூடப்பட்டபோது அந்த வழியும் இல்லாமற் போனது. அதனால்தான் எங்கள் பதுளை மலைவழியைப் பற்றி உங்களுக்கு எழுதத் தோன்றியது.

சப்ரகமுவவிலிருந்து ஊவாவுக்குள் வரும் வீதி ஹல்துமுல்லையைத் தாண்டி பெரகலையில் இரண்டாகப் பிரியும். ஒன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். மற்றது வளைந்து வளைந்து ஹப்புத்தளைக்கு ஏறும். சுமார் 1,430 மீற்றர் உயரத்தில், மலைமுதுகின் மேலேயே ஊர் இருக்கிறது. கண்டி இராச்சிய காலத்தில் நாட்டுக்குள் நுழையும் வழிகளில் முள்வாயில்கள் வைத்துக் காவல் இருந்தது என்றும், களிமண்ணில் முத்திரை பதித்த அனுமதி இல்லாமல் கடக்க முடியாது என்றும் ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். நமது காலத்து 'பாஸ்' நடைமுறை புதிதாக வந்ததல்ல!

வெள்ளைக்காரர் காலத்தில் வாயில் போய்ச் சாவடி வந்தது. வீதியிலும் பாலத்திலும் ஆயம் அறவிடும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்றது. அந்த வருடக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். மலையைக் குடைந்து வீதி போட்டதில் தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் முன்னோரின் உழைப்பும் இருக்கிறது.

இன்று ஹப்புத்தளை ஏற்றத்தில் சாவடி எதுவும் இல்லை. ஆனால் ஊரிலிருந்து தம்பேதன்ன தோட்டத்துக்குப் போய், 1890இல் லிப்டன் கட்டிய தொழிற்சாலையைக் கடந்து மேலே சென்றால், லிப்டன் சீட் பார்க்கப் போகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். உல்லாசப் பயணி பணம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அதே வீதியோரத்தில் கொழுந்துக் கூடையோடு நடக்கிற பெண் கொடுக்கிற விலையை யாரும் கணக்கெடுப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அந்த விலை என்ன? பிரதான வீதியில் பஸ் ஓடும். அங்கிருந்து டிவிசனுக்குப் போகும் பாதை தோட்டத்துக்குச் சொந்தமானது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடை இருந்தது. கம்பனி செய்தால் உண்டு, இல்லாவிட்டால் கிடங்கும் சேறும்தான். பிரசவ வலி வந்தவளை ஏற்றிப்போக ஓட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டும். மழை நாளில் அவரும் வரமாட்டார். 1990 அம்புலன்ஸ் சேவைக்குக் காசில்லை. ஆனால் லயம் வரை வர அதற்கும் பாதை வேண்டுமே!

1983இல் சிறுபிள்ளையாகப் பெற்றோருடன் கிளிநொச்சிக்குப் போய், யுத்தம் முடிந்தபின் கணவனில்லாமல் லயத்துக்குத் திரும்பிய ஒரு சகோதரி, மகளின் பிரசவத்தின்போது என்னிடம் சொன்னார்: "அங்க காசு கட்டினா வழி விட்டாங்க மிஸ். இங்க யாரும் மறிக்கல, ஆனா போக வழியில்ல." அன்று அவர்கள் மகளை நாற்காலியில் வைத்து பஸ் வீதி வரை தூக்கி வந்திருந்தார்கள்.

சட்டத்திலிருந்த தடை 2018இல் திருத்தப்பட்டது. தோட்டத்துக்குள்ளும் பிரதேச சபை வேலை செய்யலாம். இது இன்னும் எங்கள் பெண்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலர் தலைவர்மார் பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்கிறார்கள். தலைவர்மார் எத்தனை பேர் நாற்காலியில் தூக்கிச் செல்லப்பட்டிருக்கிறார்கள்? உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கென்று வந்ததும் 2018 தேர்தலில்தான். உங்கள் பிரதேச சபையின் பெண் உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள். பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை குடும்பங்கள், எத்தனை கர்ப்பிணிகள் என்று எழுதி, மாதர் சங்கத்தில் எல்லோரும் கையொப்பம் வையுங்கள். ஒரு பிரதியை தோட்ட முகாமையாளருக்கும் அனுப்புங்கள், பாதை அவருடையது சபையுடையது என்று இருபக்கமும் தள்ளிவிடாமல் இருக்க. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண் சரிந்ததையும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்தில் வீதிகள் அறுந்ததையும் மறக்காமல், மழைநீர் வடிகாலையும் சேர்த்தே கேளுங்கள்.