குடும்பத்தோட குரூஸ் போறீங்களா? முதல் பந்தியில உக்காருங்க

1/
போன வாரம் ஒரு ட்ராவல் குரூப்ல ஒருத்தர் கேட்டிருந்தார்: "சிங்கப்பூர்ல இருந்து நாலு நாள் குரூஸ். அப்பா, அம்மா, ரெண்டு பசங்களோட போறோம். டின்னருக்கு எர்லி சீட்டிங் எடுக்கறதா, லேட் சீட்டிங் எடுக்கறதா?" கீழே ஏகப்பட்ட பதில். முக்கால்வாசி பேர் சொன்னது ஒண்ணேதான்: "லேட் எடுங்க பாஸ். எர்லி எல்லாம் வயசானவங்களுக்கும் குழந்தைங்களுக்கும்தான்."

2/
கேட்டவர் யாரோட போறார்? வயசானவங்களோடயும் குழந்தைங்களோடயும்தான்! பதில் சொன்ன ஒருத்தர் கூட அதைக் கவனிக்கல. அந்தக் கோபத்துலதான் இந்த நீளமான த்ரெட். நான் பொதுநல மருத்துவர். இந்த விஷயத்துல ஒரு தடவை சூடு பட்டவளும் கூட.

3/
தெரியாதவங்களுக்கு முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். பெரிய கப்பல்ல சில ஆயிரம் பேர் போவாங்க. மெயின் டைனிங் ஹால்ல எல்லாரும் ஒரே நேரத்துல உக்கார முடியாது. அதனால ரெண்டு பந்தி. முதல் பந்தி பெரும்பாலும் சாயங்காலம் 5.30 – 6 மணி. ரெண்டாம் பந்தி 8 – 8.30 மணி. எதுன்னு புக் பண்றப்பவே கேட்பாங்க. தினமும் அதே மேசை, அதே சர்வர்.

4/
ஆக, இது நாற்காலிக் கணக்கு. அவ்வளவுதான். ரெண்டு பந்திக்கும் ஒரே சமையலறை, ஒரே மெனு. "லேட்தான் கிளாஸ்"ங்கறது நாமளா கட்டிவிட்ட கதை. நம்ம கல்யாண வீட்டுல பந்தி போட்டா என்ன நடக்கும்? "சுகர் மாத்திரை போட்டவங்க, குழந்தை வச்சிருக்கவங்க முதல்ல உக்காருங்க"ன்னு சத்தம் போட ஒரு சித்தப்பா இருப்பார். கப்பல்ல அந்தச் சித்தப்பா கிடையாது.

5/
இப்போ என் கதை. சில வருஷம் முன்னாடி நாங்களும் சிங்கப்பூர்ல இருந்துதான் போனோம். நான், கணவர், 9 வயசு மகள், 5 வயசு மகன், என் மாமியார். அவங்களுக்கு அப்போ 71 வயசு. சுகருக்கு காலையும் ராத்திரியும் ப்ரீமிக்ஸ் இன்சுலின். வீட்டுல மணி அடிச்ச மாதிரி 7 மணிக்கு ஊசி, 7.30க்கு சாப்பாடு.

6/
சீட்டிங் தேர்ந்தெடுத்தது நான்தான். லேட் சீட்டிங். அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்கல. "லீவுல வந்துட்டு 6 மணிக்கு யார் சாப்பிடுவா"ங்கற நினைப்பு. தினமும் ஓபில உக்கார்ந்து "நேரத்துக்குச் சாப்பிடுங்கம்மா"ன்னு சொல்ற அதே ஆள்தான் நான்.

7/
ரெண்டாம் நாள் பினாங்கு. வெயில்ல நல்ல நடை, கோயில்ல படிக்கட்டு. மதியம் 12.30க்கு சாப்பிட்டது. கப்பலுக்குத் திரும்பினதும் அத்தை அசந்து தூங்கிட்டாங்க. டீ, பிஸ்கட் வேண்டாம்னுட்டாங்க. "அதான் ராத்திரி பெரிய சாப்பாடு இருக்கே." 8 மணிக்கு ரூம்லயே ஊசி போட்டுக்கிட்டாங்க. 8.30க்குக் கதவு திறந்தாங்க.

8/
அப்புறம்தான் அந்த ஹாலோட தாளம் புரிஞ்சது. உக்காரணும், மெனு கார்டு வரணும், ஆர்டர் எடுக்கணும். முதல்ல பிரெட், அப்புறம் சூப், அப்புறம் ஸ்டார்ட்டர், அதுக்கப்புறம்தான் மெயின். சைவம்னு தனியா சொன்னா அது இன்னும் கொஞ்சம் தள்ளி வரும். பிரெட் கூடை கண்ணு முன்னாடிதான் இருந்தது. அத்தை தொடல. "முட்டை போட்டிருப்பாங்களோ என்னவோ. எல்லாருக்கும் வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம்."

9/
9.20 இருக்கும். மகன் கேட்டான்: "பாட்டி ஏன் பேச மாட்டேங்கறாங்க?" திரும்பிப் பார்த்தா, மெனு கார்டையே வெறிச்சுப் பார்த்துட்டு இருக்காங்க. அவ்வளவு ஏசிலயும் நெத்தியில வேர்வை. கை ஜில்லுனு இருக்கு. பேர் சொல்லிக் கூப்பிட்டா "ம்ம்"ங்கறாங்க. கணவர் ரூமுக்கு ஓடி குளுக்கோமீட்டர் கொண்டு வந்தார். 51.

10/
அவர் வர்றதுக்குள்ளயே மூணு ஸ்பூன் அளவு சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் கொடுத்துட்டேன். நல்ல வேளை, முழுங்குற நிலையில இருந்தாங்க. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு 78. அப்புறம் அந்த பிரெட்டும் சாப்பாடும். தெளிஞ்சதும் அவங்க சொன்ன முதல் வார்த்தை: "உங்க எல்லார் சாப்பாட்டையும் கெடுத்துட்டேனே." எனக்கு அன்னிக்கு இறங்கல.

11/
இப்போ ஒருத்தர் வருவார்: "சர்வீஸ் மெதுவா இருந்தா எர்லிலயும் இதேதானே நடக்கும்?" பாதி சரி. ஊசியை ரூம்ல போட்டுட்டுப் போனது தப்பு, அது எங்க தப்பு. ஆனா இன்னொரு பாதி இருக்கு. மதியம் 12.30ல இருந்து ராத்திரி 9.20 வரைக்கும் கிட்டத்தட்ட 9 மணி நேரம் காலி வயிறு. நாள் முழுக்க நடை. அதுக்கு மேல புதுசா ஒரு ஊசி. முதல் பந்தியா இருந்திருந்தா அந்த இடைவெளி 6 மணி நேரம்தான். அந்த மூணு மணி நேரத்துல இருக்கு விஷயம்.

12/
"எங்க வீட்டுல யாருக்கும் இன்சுலின் இல்ல, மாத்திரைதான்." சரி, எந்த மாத்திரை? மெட்ஃபார்மின் மட்டும்னா லோ சுகர் வர்றது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு இதெல்லாம் சாப்பாடு தள்ளிப்போனா சர்க்கரையைக் கீழே இழுக்கும். இன்னிக்கே அப்பா அம்மாவோட அட்டையை எடுத்துப் பாருங்க. நிறைய கூட்டு மாத்திரைகள்ல கிளிமிபிரைடு ஒளிஞ்சிருக்கும்.

13/
இன்னொண்ணு. பீட்டா பிளாக்கர் வகை பிபி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு லோ சுகரோட படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமப் போகலாம். வேர்வை மட்டும் வரும். கப்பல்ல அதைப் பார்த்தா "கடல் ஒத்துக்கல போல"ன்னு படுக்க வச்சிடுவோம். அது ஆபத்து.

14/
ஏதோ அபூர்வமான ஒரு வீட்டுப் பிரச்சனைன்னு நினைக்காதீங்க. 2023ல வெளியான ஐசிஎம்ஆர் இந்தியாப் ஆய்வுப்படி நாட்டுல சர்க்கரை நோயோட இருக்கறவங்க சுமார் 10.1 கோடி. தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம். மூணு தலைமுறை உக்கார்ற ஒரு தமிழ் மேசையில சுகர்காரர் ஒருத்தர் கூட இல்லாம இருந்தாதான் ஆச்சரியம்.

15/
"நாங்க வீட்டுலயே 9.30க்குத்தான் சாப்பிடறோம், ஒண்ணும் ஆகலையே!" ஆகலைன்னு யார் சொன்னது? 2020ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 20 பேருக்கு ஒரே உணவை ஒரு நாள் மாலை 6 மணிக்கும், இன்னொரு நாள் இரவு 10 மணிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கம் இரண்டு நாளும் 11 மணிக்கு. 10 மணிக்குச் சாப்பிட்டபோது சர்க்கரையின் உச்சம் சுமார் 18 சதவீதம் அதிகம். கொழுப்பு எரிவது சுமார் 10 சதவீதம் குறைவு.

16/
20 பேர்தான், சின்ன ஆய்வு. 8.30 மணி 10 மணி ஆகாதுன்னும் சொல்லலாம். ஆனா ரெண்டாம் பந்தி 8.30க்கு ஆரம்பிச்சு, ஐஸ்கிரீம் வந்து, எழுந்திருக்கறப்ப 10 ஆயிடும். 10.30க்கு படுக்கை. நெஞ்செரிச்சல் இருக்கறவங்களுக்கு சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல ரெண்டு மூணு மணி நேரம் வேணும்னு சொல்றோமே, அது எங்க போச்சு?

17/
குழந்தைங்க? அஞ்சு வயசுப் பையன் நாள் முழுக்க நீச்சல் குளத்துல ஆடிட்டு 8.30க்கு டைனிங் ஹாலுக்கு வந்தா என்ன பண்ணுவான்? அழுவான், இல்ல தூங்குவான். "ராத்திரி சாப்பாடு வரை தாங்கட்டும்"னு நாம 6 மணிக்கு பஃபேல பீட்சாவும் ஃப்ரைஸும் வாங்கித் தருவோம். அது நடக்காத குடும்பத்தை நான் பார்த்ததில்ல.

18/
லேட் கட்சிக்காரங்க வாதத்துல நியாயமே இல்லையா? இருக்கு. ஒண்ணு: சிங்கப்பூர்ல சூரியன் மறையறது ஏறக்குறைய 7 மணிக்கு. முதல் பந்தியில உக்கார்ந்தா டெக்ல நின்னு அதைப் பார்க்கற சந்தோஷம் போயிடும். ஒத்துக்கறேன். ஒரு நாள் ஹாலை விட்டுட்டு மேல பஃபேல சாப்பிடுங்க. தினமும் ஹாலுக்குப் போயே ஆகணும்னு சட்டம் இல்ல. துறைமுகத்துல இருந்து திரும்ப நேரமாகற நாளுக்கும் இதே வழி.

19/
ரெண்டு: சிங்கப்பூர் நேரம் நம்மை விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அங்க 6 மணின்னா நம்ம உடம்புக்கு 3.30. விமானத்துல இறங்கி அன்னிக்கே கப்பல் ஏறினா முதல் ராத்திரி பசிக்காது. இதுவும் உண்மைதான். அப்படி ஏறினா முதல் நாள் மட்டும் 7 மணி வாக்குல பஃபே. ஊரைச் சுத்திட்டு ரெண்டு நாள் கழிச்சு ஏறறவங்களுக்கு இந்தச் சாக்கு செல்லாது.

20/
மூணாவதா "ஷோ மிஸ் ஆயிடும்"னு ஒண்ணு சொல்வாங்க. அது தப்பு. தியேட்டர் நிகழ்ச்சியை பொதுவா ரெண்டு தடவை நடத்தறதே இதுக்காகத்தான். முன்னாடி சாப்பிட்டவங்களுக்கு அப்புறம் ஷோ. அப்புறம் சாப்பிடறவங்களுக்கு முன்னாடி ஷோ.

21/
எர்லி கட்சிக்கும் ஒரு குட்டு. 6 மணிக்குச் சாப்பிட்டுட்டு 11 மணிக்கு "சும்மா ஒரு துண்டு"ன்னு பீட்சா கவுன்டர்ல நின்னா அது எர்லி டின்னர் இல்ல, ரெண்டு டின்னர். இன்சுலின் போடறவங்க கதை வேற. ஊசி நேரம் முன்னாடி நகர்ந்தா அதோட வீரியம் நடு ராத்திரியில உச்சத்துக்கு வரலாம். படுக்கறதுக்கு முன்னாடி சுகர் பார்க்கணும். பால் மாதிரி ஏதாவது தேவைப்படலாம். கிளம்பறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட கப்பல் சாப்பாட்டு நேரத்தைச் சொல்லி, ஊசி நேரத்தை எழுதி வாங்கிக்கோங்க.

22/
எங்க டாக்டர் சமூகத்தையும் சேர்த்தே திட்டறேன். "டூர் போறோம் டாக்டர்"னு சொன்னா "ஜாலியா போயிட்டு வாங்க"ங்கறோம். எத்தனை மணிக்குச் சாப்பாடு, எவ்வளவு நடை, எந்த ஊர் நேரம்னு ஒரு கேள்வி கேட்கறதில்ல. ரெண்டு நிமிஷ வேலை அது.

23/
மறுநாள் காலையில ஹால் மேலாளரைப் பார்த்து முதல் பந்திக்கு மாத்திக் கேட்டோம். காத்திருக்கச் சொல்லி, மதியம் இடம் கொடுத்தாங்க. அன்னிக்கு சாயங்காலம் புது சர்வர்கிட்ட ஒரே ஒரு விஷயம் சொன்னேன்: "இவங்களுக்கு மட்டும் உக்கார்ந்ததும் சாதமும் தயிரும்." கடைசி ராத்திரி நாங்க நாற்காலியை இழுக்கறதுக்குள்ள அது மேசைக்கு வந்துடுச்சு. ஒரே மேசை, ஒரே சர்வர் முறையில இருக்கற பெரிய லாபம் இதுதான்.

24/
அப்படின்னா லேட் யாருக்கு? நண்பர்கள் கூட்டம், புதுசா கல்யாணம் ஆனவங்க, மாத்திரை டப்பா இல்லாத மேசை. சந்தோஷமா எடுங்க. எனக்கு அதுல சண்டையே இல்ல. என் சண்டை எல்லாம், சீட்டிங் பத்தி முடிவு எடுக்கறவன் ஒருத்தன், அதோட விளைவைத் தாங்கறவங்க வேற ஒருத்தர்னு ஆகறதோடதான். நம்ம வீட்டுப் பெரியவங்க "எனக்கு 7 மணிக்குச் சாப்பிடணும்"னு வாய் திறந்து கேட்க மாட்டாங்க. பையன் செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கான், அவன் மனசு நோகக் கூடாது. அதுக்காக வேர்த்துக் கொட்டினாலும் சிரிச்சுக்கிட்டே உக்கார்ந்திருப்பாங்க.

25/
சேமிச்சு வைங்க:
• புக் பண்றதுக்கு முன்னாடி பெரியவங்ககிட்ட கேளுங்க: மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு?
• முதல் பந்தி கிடைக்கலன்னா கப்பல் ஏறின அன்னிக்கே போய்க் கேளுங்க.
• ஊசியை ரூம்ல போட்டுட்டுப் போகாதீங்க. உக்கார்ந்து, ஆர்டர் கொடுத்து, பிரெட்டாவது கைக்கு வந்த பிறகு.
• குளுக்கோமீட்டரும் சர்க்கரையும் ரூம்ல இல்ல, கைப்பையில.
• 70க்குக் கீழே போனா மூணு ஸ்பூன் சர்க்கரை, பதினஞ்சு நிமிஷம், மறுபடி டெஸ்ட். மயங்கினவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, கப்பல் டாக்டரைக் கூப்பிடுங்க.
• சாயங்காலம் 4 மணி டீயைத் தவற விடாதீங்க.
• போன் பக்கத்து நாட்டு நேரத்துக்குத் தானா மாறிடும். கப்பல்ல சொல்ற நேரத்தைப் பாருங்க.

26/
பந்திக்கு முந்துன்னு நம்ம ஊர்ல சொல்றதைக் கிண்டலாத்தான் எடுத்துக்கறோம். அடுத்த தடவை அந்த புக்கிங் பக்கம் "எர்லியா, லேட்டா"ன்னு கேட்கறப்ப, மண்டபத்துல சத்தம் போடற அந்தச் சித்தப்பாவை நினைச்சுக்கோங்க. உங்க மேசைக்கு அந்த வேலையை நீங்கதான் பார்க்கணும்.