கடற்பாசியும் படர்தாமரையும்

நோன்பு திறக்கும் வேளையில் நம் இல்லங்களில் பாலும் சீனியும் சேர்த்து உறையவைத்த கடற்பாசி தவறாமல் இடம்பெறும். அதனை உறையச் செய்யும் அகர் என்னும் பொருள், ஏர்வாடி, கீழக்கரை, மண்டபம் கடலோரங்களில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப்பாசியிலும் இருக்கிறது. அதே அகர் நோயறியவும் பயன்படுவதை வாசகர்களில் எத்தனை பேர் அறிவீர்கள்?

1881ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஃபேன்னி ஹெஸ்ஸே என்னும் பெண்மணி, தம் சமையலில் பயன்படுத்திய அகரை, கிருமி வளர்க்கும் ஆய்வுக்குப் பரிந்துரைத்தார். இன்றும் படர்தாமரைப் பூஞ்சையை அகர்த் தட்டில் வளர்த்தே இனங்காண்கின்றனர். ஆனால் அது வளர இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை ஆகலாம்.

இத்தாமதத்தைக் குறைக்கவே நானோ ஆய்வுகள் நடைபெறுகின்றன. அகரும், இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசானும், சர்க்கரைக் கூறுகள் மணிமாலைபோல் கோக்கப்பட்ட பொருள்கள். கைட்டோசானைத் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கான துகள்களாக்கலாம். அதன் நேர்மின்னூட்டம், எதிர்மின்னூட்டமுள்ள பூஞ்சையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள உதவுகிறது. உள்ளே பொதிந்த மருந்தும் சிறிது சிறிதாக வெளிப்படும். பூஞ்சையின் சுவட்டை நிறமாற்றத்தால் விரைந்து காட்டும் துகள்களையும் ஆய்வாளர் உருவாக்கி வருகின்றனர்.

எனினும் இவற்றுள் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. ஆகவே 'நானோ' என்ற பெயரைக் கண்டு மயங்காதீர்கள். கடற்பாசியை உண்பதாலோ பூசுவதாலோ படர்தாமரை குணமாகாது.

இன்று நாம் செய்யத்தக்கது எளியது. அரிப்புக் கண்டவுடன் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்துள்ளது. அது அரிப்பை அடக்கி, பூஞ்சையைப் பரவவிடும். மருந்துக்கு அடங்காத பூஞ்சை வகையும் நம் நாட்டில் பரவியுள்ளது. எனவே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தோலைச் சிறிது சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனையிலேயே பெரும்பாலும் பூஞ்சை தெரிந்துவிடும். அரிப்பு நின்றாலும், மருத்துவர் கூறிய நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள்.

ஒரே துவாலையைக் குடும்பத்தார் அனைவரும் பயன்படுத்துவதைத் தவிருங்கள். ஈர உடையை உடனே மாற்றுங்கள். கால் விரலிடுக்குகளை நன்கு துடைத்து உலர்த்துங்கள். வீட்டில் ஒருவருக்குப் படர்தாமரை கண்டால், அரிப்புள்ள மற்றவர்களையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் மட்டும் மருந்திட்டால், அது மீண்டும் அவரிடமே வந்து சேரும்.