பெயர் எழுதாத படங்கள்

வீட்டுச் சுவரில் குடும்பப் படங்களை வரிசையாக மாட்டுவது இப்போது அலங்காரக் கடைகளின் வியாபாரம். ஒரே அளவு, ஒரே நிறச் சட்டங்கள். அழகுதான், ஆனால் படத்தில் இருப்பது யார் என்று பேரனுக்குத் தெரியுமா?

காஞ்சிபுரத்தார் இதற்கு வெளியூர் போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை. 8-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எழுப்பிய வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களில் பல்லவர் வரலாறு மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் செதுக்கப்பட்டிருக்கிறது. முடிசூட்டு, போர், அரசவை என்று நீளும் அந்த வரிசையில், சிறுவன் நந்திவர்மனை அரசனாக்க அழைத்துவந்த கதையும் உண்டு. மணற்கல் தேய்ந்து பல முகங்கள் மழுங்கிவிட்டன. ஆனாலும் சில சிற்பங்களோடு கல்வெட்டுக் குறிப்பு இருக்கிறதே! வரலாற்றாய்வாளர் சி. மீனாட்சி இச்சிற்பங்களை ஆராய்ந்தபோது (நூல் 1941-இல் வெளிவந்தது) கைகொடுத்தவை அந்த எழுத்துகள்தான்.

இனி நம் வீட்டுப் படங்களுக்கு வருவோம். நெசவுத் தறிக்குழி உள்ள வீட்டில் ஓதம் ஏறும் சுவரைத் தவிர்க்க வேண்டும். படம் பூசணம் பிடிக்கும். வெயில் விழும் சுவரும் ஆகாது, சாயம் வெளுத்துவிடும். மூலப்படத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு நகலை மாட்டலாம். 2019-இல் காஞ்சிபுரம் அத்திவரதர் தரிசனத்துக்குப் போனபோது எடுத்த குடும்பப் படமானாலும், சட்டத்தின் பின்னட்டையில் பெயர்களையும் ஆண்டையும் பென்சிலால் எழுதிவிட்டு ஆணி அடியுங்கள்.