குறட்டை ஆண்பால்

பெண்கள் குறட்டை விடுவதில்லை. நம் வீடுகளில் இது ஒரு நம்பிக்கை. அப்பா விடுவார், தாத்தா விடுவார். மாப்பிள்ளை விட்டால், "அசந்து தூங்குறார், எழுப்பாதே" என்று மெல்லக் கதவைச் சாத்துவார்கள். பெண் விட்டால் அது சிரிப்பு, இல்லையென்றால் மானக்கேடு. பதினெட்டு ஆண்டுகளாக அக இலக்கியம் நடத்துகிறேன். ஊரே துஞ்சும் நள்ளிரவில் கண்மூடாமல் கிடக்கும் தலைவியைப் பற்றி மாணவிகளிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அவளுக்குத் தூக்கம் வராததுதான் அழகு. நன்றாகத் தூங்கிவிட்டவளைப் பார்க்க ஆண்டாளிடம் போக வேண்டும். திருப்பாவையின் பத்தாம் பாட்டில், எழுந்துவராத தோழியிடம், கும்பகருணன் உன்னிடம் தோற்றுத் தன் தூக்கத்தையும் உனக்கே கொடுத்துவிட்டானா என்று வாசலில் நின்று கேட்கிறார்கள். தோழிகளின் கேலி அது, அதில் அன்பு இருக்கிறது. மருத்துவமனையிலும் மெஷின் விற்பவரிடமும் காப்பீட்டு நிறுவனத்திலும் எனக்குக் கிடைத்தது அந்த வகை இல்லை.

ஸ்லீப் ஆப்னியா சோம்பல் அல்ல. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி உடலை எழுப்புகிறது. மறுநாள் காலை இதில் எதுவும் நமக்கு நினைவிருக்காது. ஒரு மணி நேரத்தில் ஐந்து முறைக்கு மேல் இப்படி நடந்தால் நோய், முப்பதை எட்டினால் தீவிரம். என் எண் 34. இதற்கான மெஷின் ஒன்றும் புதிதில்லை. மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துப் பாதையைத் திறந்து வைக்கும் முறையை 1981இலேயே சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் வெளியிட்டுவிட்டார்கள். சி-பேப் என்கிறார்கள்.

அந்த 34ஐக் கண்டுபிடிக்க ஆறு வருடம் ஆனது. காலையில் தலைவலி, பகலெல்லாம் அசதி, விடைத்தாள் திருத்தும்போது கண் சொருகல், ஏறிக்கொண்டே போகும் ரத்த அழுத்தம். தைராய்டு பார்த்தார்கள். ரத்தசோகைக்கு மாத்திரை தந்தார்கள். "மெனோபாஸ் ஆரம்பம்மா, யோகா பண்ணுங்க" என்றார் ஒருவர். மெனோபாஸ் காலத்தில் பெண்களுக்கு இந்த நோய் கூடுகிறது என்பது மருத்துவப் பாடத்திலேயே இருப்பது. அந்தச் சொல்லை உச்சரித்த பிறகு அடுத்த சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கேள்வித்தாள்களைப் பாருங்கள். பல நாடுகளில் புழங்கும் ஸ்டாப்-பேங் படிவத்தில் எட்டுக் கேள்விகள். கடைசிக் கேள்வி, நீங்கள் ஆணா? ஆம் என்றால் ஒரு மதிப்பெண். ஆண்களுக்குக் கூடுதலாக வருவது உண்மைதான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடுவயதினரை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கணக்கில், ஆண்களில் நூற்றுக்கு 24 பேர், பெண்களில் நூற்றுக்கு 9 பேர். ஒன்பது என்பது பூஜ்யம் இல்லையே! இன்னொரு கேள்வி, தூக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? கணவரின் மூச்சு நிற்பதைப் பார்க்க மனைவி விழித்துக் கிடக்கிறாள். மனைவியின் மூச்சு நிற்கும்போது கணவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். தனியாக வாழ்பவளுக்கோ சாட்சியே இல்லை. எப்வொர்த் அளவுகோல் என்று மற்றொன்று, 1991இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. மதியம் படுத்து ஓய்வெடுக்கும்போது, அதுவும் சூழ்நிலை இடம் கொடுத்தால், தூங்கிவிடுவீர்களா என்று கேட்கிறது. எந்த வீட்டில் இடம் கொடுக்கிறது? மது இல்லாத மதிய உணவுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எப்படி என்றும் கேட்கிறது. இந்தக் கேள்வியை என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "சும்மா உட்கார்றதுன்னா?" என்றார்.

மெஷினும் மருந்துக்கடையில் எட்டி வாங்கும் பொருள் இல்லை. மருத்துவர் சீட்டு எழுதியதுமே விற்பனைப் பிரதிநிதி பக்கத்து அறையிலிருந்து வந்துவிட்டார். வாங்கப்போவது நான், சம்பளம் என்னுடையது. அவர் கேட்டது, "சார்கிட்ட பேசலாமா மேடம்?" மெஷின் ஐம்பத்தெட்டாயிரம், மாஸ்க் தனியாக ஆறாயிரத்து ஐந்நூறு. கையிருப்பில் மீடியமும் லார்ஜும்தான். சின்ன முகத்துக்கான மாஸ்க் ஆர்டர் போட்டு வர வேண்டும், மூன்று வாரம் ஆகும், "அதுவரைக்கும் இதை டைட் பண்ணிக்குங்க." டைட் பண்ணினால் மூக்குத்தி குத்துகிறது, கொண்டையில் பட்டை நிற்பதில்லை, விளிம்பில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது. "மூக்குத்தியைக் கழட்டிடுங்க மேடம்." இதையெல்லாம் பொறுக்காமல் ஒருத்தி மெஷினை மூட்டைகட்டிப் பரணில் போட்டால், நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று கோப்பில் எழுதுவார்கள்.

அடுத்து, பதினோரு வருடமாக நான் பிரீமியம் கட்டிவரும் தனியார் பாலிசி. க்ளெய்ம் இரண்டாக உடைக்கப்பட்டு இரண்டும் மறுக்கப்பட்டன. ஸ்லீப் ஸ்டடிக்காக ஓர் இரவு தங்கியது பரிசோதனைக்கு மட்டுமான அனுமதியாம், விலக்கு எண் 4. மெஷின், மருத்துவமனைக்கு வெளியே பயன்படுத்தும் கருவியாம். தூக்கத்தில் வரும் நோய்க்கு நான் வீட்டில் தூங்காமல் வேறெங்கே தூங்குவது?

பாலிசியைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். உரையாசிரியர்களோடு பழகியவளுக்குப் பொடி எழுத்து பயமில்லை. விலக்கு எண் 6 உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை பற்றியது, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வாசகம். உடல் நிறை குறியீடு 35ஐ எட்டி, கூடவே தீவிர ஸ்லீப் ஆப்னியாவும் இருந்து, மற்ற முயற்சிகள் பலிக்காவிட்டால், அந்த அறுவை சிகிச்சைக்குப் பணம் உண்டு என்கிறது. ஆக, இது எவ்வளவு தீவிரமான நோய் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது! வயிற்றை அறுத்தால் லட்சக்கணக்கில் தருவார்கள். அறுக்காமல் மூச்சுவிட வைக்கும் மெஷினுக்கு ஒரு ரூபாய் கிடையாது. பின்னிணைப்பில், பணம் தர வேண்டாத பொருள்களின் பட்டியலும் இருந்தது. தொலைக்காட்சிக் கட்டணம், தொலைபேசிக் கட்டணம், சலவைக் கட்டணம் ஆகியவற்றோடு மாஸ்க்கும் இருக்கிறது, சானிட்டரி பேடும் இருக்கிறது. தொலைக்காட்சி பார்ப்பதும் மாதவிடாயும் ஒரே வரிசை.

தரவே முடியாது என்பதும் பொய். மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில், உச்சவரம்புக்கு உட்பட்டு, இந்த மெஷினின் விலை திரும்பக் கிடைக்கிறது. அவர்களுக்குச் சிகிச்சையாக இருப்பது நமக்கு மட்டும் எப்படி வீட்டு உபயோகப் பொருள் ஆகிறது?

நான் இ.எம்.ஐ. போட்டு வாங்கினேன். அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் என் தோழிக்கு அதுவும் வழியில்லை. அவள் வீட்டில் இருவருக்கும் இந்த நோய். ஒரு மெஷினுக்குத்தான் பணம் புரண்டது. அது யார் தலைமாட்டில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அவர் வண்டி ஓட்டுறார்ல" என்றாள். அவள் தினமும் இரண்டு பேருந்து மாறி, நின்றுகொண்டே வருகிறாள். எனக்கு மெஷின் வந்ததும் முதல் வாரத்திலேயே காலைத் தலைவலி நின்றது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுப்புக் கடிதம் வந்தால் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. என் மனு நான்கு பக்கம். விலக்கு எண் 4ஐயும் 6ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சொல்லுக்குச் சொல் உரை எழுதியிருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. அதற்குள் அடுத்த வருடப் பிரீமியத்தைக் கட்டச் சொல்லி மூன்று குறுஞ்செய்திகள் வந்துவிட்டன.