காலியாகும் ஊரா, காலியாக்கும் ஊரா?

பழவேற்காட்டுக்கு ஃபிளமிங்கோ பார்க்கப் போயிருப்பீங்க, இல்லன்னா டச்சுக் கல்லறைல போட்டோ எடுக்கப் போயிருப்பீங்க. பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் வரைக்கும் போனவங்க கம்மிதான். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் வங்காள விரிகுடா, நடுவுல ஒரு மணல் திட்டு. அதுமேல வரிசையாக் குப்பங்கள். அந்தப் பக்கம் போயிட்டு வந்தா யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்வாங்க: "இன்னும் பத்து வருஷத்துல இந்த ஊரெல்லாம் காலியாகிடும் மச்சி."

இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்குத் தமிழ் இலக்கணம் அரைகுறைதான். ஆனா தன்வினை, பிறவினை மட்டும் மனசுல நின்னுடுச்சு. 'காலியாகும்' தன்வினை. 'காலியாக்கும்' பிறவினை. நாம எப்பவும் முதல் வார்த்தையத்தான் சொல்றோம். யார் செஞ்சாங்கன்னு கேட்க அதுல இடமே இல்ல.

அந்தத் திட்டுல நின்னு வடக்கே பாருங்க. ஸ்ரீஹரிகோட்டா. 1969-ல ராக்கெட் தளத்துக்காக அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தாங்க. அங்கே இருந்த ஊர்களைக் காலி செஞ்சாங்க. 2023 ஜூலை 14, சந்திரயான்-3 கிளம்பினப்போ நாம எல்லாரும் கைதட்டினோம், நானும்தான். ஒவ்வொரு ராக்கெட் ஏவும்போதும் இந்தக் கரை மீனவர்களுக்குக் கடலுக்குப் போகாதீங்கன்னு அறிவிப்பு வரும். அந்த நாள் வருமானத்தை நம்ம கவுன்ட்டவுன்ல யாரும் எண்ணுறதில்ல.

தெற்கே காட்டுப்பள்ளி. அங்கே கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தப்போ ஒரு மீனவக் குப்பத்தையே இடம் மாத்தினாங்க. 2018-ல எல் அண்ட் டி கிட்ட இருந்து அந்தத் துறைமுகத்தை அதானி குழுமம் வாங்குச்சு. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கரா விரிக்கணும்னு ஒரு திட்டம் வெச்சிருக்காங்க.

சிவில் டிபார்ட்மென்ட் மக்கள் இங்க கொஞ்சம் கவனிங்க. நம்ம கிழக்குக் கரைல மொத்தத்துல மணல் தெற்குல இருந்து வடக்கே நகருது. நடுவுல பிரேக்வாட்டர் கட்டினா தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். 13 மார்க் கேள்விக்கு இதைப் படம் போட்டு எழுதியிருப்போம். நேர்ல பார்க்கணும்னா சென்னைத் துறைமுகம் போதும்: தெற்கே மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள்ள வந்து இப்போ வரிசையாப் பாறாங்கல் கொட்டி வெச்சிருக்கு. லைட்ஹவுஸ் குப்பம் காட்டுப்பள்ளிக்கு வடக்கேதான் இருக்கு.

கடல் மட்டுமில்ல, முகத்துவாரமும் பிரச்சனைதான். அது மணல் மூடி அடைச்சா ஏரில இருந்து படகு கடலுக்குப் போக முடியாது. கடல் தண்ணியும் இறால் குஞ்சும் ஏரிக்குள்ள வராது. ஏரிக்கரையில சில குப்பங்கள்ல 'பாடு' முறை இருக்கு. எந்தத் தலைக்கட்டு, எந்த நாள், எந்த இடத்துல வலை போடலாம்னு ஊரே முறை வெச்சுப் பிரிச்சுக்கும். ரிசோர்ஸ் ஷெட்யூலிங்னு நாம ஒரு செமஸ்டர் படிச்சதை அவங்க பல தலைமுறையா செய்யுறாங்க. ஆனா ஏரில இறாலே இல்லன்னா அந்த முறையை வெச்சு எதைப் பிரிக்கிறது?

"பசங்களே மீன்பிடிக்கப் போக விரும்பலையே, வேலைக்கு வெளிய போறாங்களே"ன்னு கேட்பீங்க. உண்மைதான், போகட்டும். நாம பெங்களூருக்கு ஆஃபர் லெட்டர் வாங்கிப் போறோம். அதுக்காக யாரும் நம்ம ஊரை அழியுற ஊர்னு சொல்லி நிலத்தை அளக்க வர்றதில்லையே.

அடுத்த வருஷம் நம்மள்ல சில பேர் கன்சல்டன்சில உட்கார்ந்து நிலப் பயன்பாட்டு வரைபடம் போடப் போறோம். தேசியத் தரிசு நில அட்லஸ்ல கடற்கரை மணலும் ஒரு வகை, அதாவது தரிசு. லைட்ஹவுஸ் குப்பத்துல அந்த மணல்லதான் வலை காயுது, படகு நிக்குது. சாட்டிலைட் படத்துல அது வெறும் மஞ்சளாத்தான் தெரியும். வரைபடத்துல கலர் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வாங்க.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரிலயும் 2023 செப்டம்பர்லயும் தேதி குறிச்சு நடக்காமப் போச்சு. இந்த மாதிரிக் கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னாடியே அறிவிப்பு வரணும், அறிக்கையோட சுருக்கத்தைத் தமிழ்லயும் தரணும். மறுபடி தேதி அறிவிச்சா அந்தச் சுருக்கத்தை டவுன்லோட் பண்ணிப் படிங்க. கரை அரிப்பு பத்தின அத்தியாயத்தை முதல்ல படிங்க, அது நம்ம சிலபஸ்ல இருக்கிற விஷயம்தான். கணக்கு தப்பா இருந்தா எழுதி அனுப்புங்க.