வானத்தைத் திட்டியது போதும், வாருங்கள் தோழர்களே!

நாற்றங்காலில் முளைக்க வேண்டிய நெல் நடுரோட்டில் முளைத்தது. 2025 அக்டோபரில், நம் காவிரி டெல்டாவில், நம் கண் முன்னால் முளைத்தது. குறுவையை அறுத்துக் கொண்டுவந்து கொள்முதல் நிலைய வாசலில் கொட்டினோம். தார்ப்பாய் போர்த்தினோம். ராத்திரியெல்லாம் காவல் கிடந்தோம். மழை விடவில்லை. குவித்த இடத்திலேயே முளை விட்டது.

பார்த்தோம். படம் எடுத்தோம். வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பிறகு வீட்டுக்குப் போனோம்.

இனி வீட்டுக்குப் போகாதீர்கள் தோழர்களே!

அந்த ஒரு மழைதான் என்று நினைக்கிறீர்களா? எண்ணிப் பாருங்கள். 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டி அறுக்க வேண்டிய சம்பா தண்ணீரில் சாய்ந்தது. 2023 பிப்ரவரியில், வானம் வெளுத்துக் கிடக்க வேண்டிய தை மாதத்தில், கதிர் மூழ்கப் பெய்தது. அதே ஆண்டு ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். அக்டோபர் 10-இல் மூடினார்கள். கடைமடையில் குறுவை கருகியது. 2024-இல் ஜூன் 12 வந்தது, போனது. அணை திறக்கவில்லை. ஜூலை கடைசியில் அதே அணை மளமளவென்று ஏறி 120 அடியைத் தொட்டது. மிச்சத் தண்ணீர் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போனது. கடைமடைக் குளங்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன.

கேட்கும்போது இல்லை. கேட்காதபோது வெள்ளம். பருவநிலை மாற்றம் என்று உலகம் மாநாடு போட்டுப் பேசுவதை நாம் வயிற்றால் அறிந்திருக்கிறோம்.

ராத்திரியில் புழுக்கம் தாங்கவில்லை என்கிறோமே, நெல்லுக்கும் தாங்கவில்லை. பகல் வெயிலில் சேர்த்து வைத்ததை ராத்திரி வெக்கையில் மூச்சு விட்டே செலவழித்துவிடுகிறது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் கண்ட கணக்கு 2004-இல் வெளிவந்தது: இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் பத்து சதவீதம் குறைகிறது. பூக்கிற நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மணி பிடிப்பதில்லை, பதராகிறது. 2024-இல் இந்த பூமி, ஆலைப்புகை எழும்புவதற்கு முந்தைய காலத்தைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் சூடேறிவிட்டது.

யார் சூடேற்றியது? உலகின் பணக்காரப் பத்து சதவீதத்தினர் ஏறக்குறையப் பாதிக் கரியமில வாயுவை விடுகிறார்கள். நாற்று நடுகிற அக்காள் வீட்டில் ஒரு மின்விசிறி ஓடுகிறது. தண்டனை அவளுக்கு!

ஆனால் தோழர்களே, ஒன்றைக் கேளுங்கள். நின்று கேளுங்கள். வானத்தைத் திட்டிக்கொண்டே இருந்தால் தரையில் இருக்கிறவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். பெய்தது வானம். பட்டினியை எழுதியது வானமா?

ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்காதே என்று வானம் எழுதவில்லை. மழை மாதத்தில் அறுத்த நெல்லில் 20 காட்டும், 22 காட்டும். அது விவசாயி செய்த குற்றமா? 2023 பிப்ரவரியில் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு 20 வரை தளர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டும். ஒவ்வொரு முறையும் மத்தியக் குழு வர வேண்டும். மாதிரி எடுக்க வேண்டும். டெல்லி யோசிக்க வேண்டும். நெல் யோசிக்குமா? அது முளைத்துவிடும்!

மழை மாதங்களுக்கு நிலையான விதி கேளுங்கள். கொள்முதல் நிலையத்துக்கு உலர்த்தும் இயந்திரம் கேளுங்கள். நெல்லுக்குக் கூரை கேளுங்கள். சலுகை என்று கேட்காதீர்கள். உரிமை என்று கேளுங்கள்.

2023-இல் குறுவைக்குக் காப்பீடு கிடையாது என்று வானம் எழுதவில்லை. அந்த ஆண்டு கருகிய குறுவை காப்பீடு இல்லாமல் போனது. சம்பாவுக்கு உண்டு. ஆனால் ஊர் சராசரி பார்த்துத்தான் தந்தார்கள். பள்ளத்தில் இருக்கிற உன் வயல் முழுகிப்போனாலும், மேட்டு வயல்கள் விளைந்திருந்தால் உனக்குச் சேதம் இல்லை என்று வந்தது. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து உழுகிறவருக்குச் சாகுபடிச் சான்றான அடங்கல் கிடைப்பதில்லை. அடங்கல் இல்லையென்றால் கடன் இல்லை, காப்பீடு இல்லை, நிவாரணம் இல்லை. நட்டம் மட்டும் முழுசாக அவருக்கு!

இப்போது இதைக் கேளுங்கள். எனக்கு நெஞ்சு கொதிப்பது இங்கேதான்.

கருகிய குறுவைக்கு 2023-இல் ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் அறிவித்தார்கள். ஏக்கருக்கு 5,400. போட்ட செலவில் கால் பங்குகூட வராது. சரி, அதுவாவது யாருக்கு? நிலம் இருக்கிறவருக்கு. களை எடுக்க வர வேண்டிய பெண்ணுக்கு? கட்டுத் தூக்க வேண்டியவனுக்கு? மூட்டை சுமக்கிறவனுக்கு? பயிர் போனால் அவர்களுக்கு அந்தப் பருவமே போயிற்று. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அழிந்த பயிரை அதிகாரி வந்து எழுதுகிறார். அழிந்த கூலியை எவரும் எழுதுவதில்லை.

நம் மனுக்களைப் பாருங்கள் தோழர்களே. அங்கேயும் அந்தக் கூலிப் பெண் கடைசி வரியில்தான் நிற்கிறாள். விவசாயத் தொழிலாளிக்கும் வழங்க வேண்டும் என்று ஒட்டுப்போட்டதுபோல ஒரு வரி. முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள்! நிலம் இல்லாதவர் முதலில் பட்டினி கிடக்கிறார். அவர்தான் முதலில் பேசப்பட வேண்டும்.

இது கீழ்வெண்மணி இருக்கிற மண். அங்கே விவசாயத் தொழிலாளர்கள் கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25-இல் நிலவுடைமையாளர்களின் ஆட்கள் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். அரைப்படிக்காக உயிர் கொடுத்தவர்களின் ஊர்களில், ஒரு பருவத்துக் கூலி முழுவதும் போகிறது. நாம் சும்மா இருக்கிறோம். எப்படி முடிகிறது?

நகரத்துத் தோழர்களே, இது டெல்டாக்காரர் பாடு என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். உங்கள் ரேஷன் கடைக்கு வருகிற அரிசி இந்த வாசல்களில்தான் நெல்லாகக் காத்துக் கிடக்கிறது. 2023 ஜூலையில் விலையேற்றத்துக்கு அஞ்சி, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. அடுத்த மாதமே உலகச் சந்தையில் அரிசி 15 ஆண்டுகளில் காணாத விலைக்கு ஏறியது. மழை தவறினால் வாங்கித் தின்கிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் தப்புவதில்லை. 2024-இல் உலகில் ஏறக்குறைய 67 கோடிப் பேர் பசியோடு இருந்ததாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. அந்தப் பசி வரிசை இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று நினைக்கிறீர்கள்?

நம்மால் என்ன ஆகும் என்று முணுமுணுக்காதீர்கள். மீத்தேன் எடுக்க வந்தவர்களை யார் திருப்பி அனுப்பியது? இயற்கை விவசாயி நம்மாழ்வார் உடம்பு முடியாமல் ஊர் ஊராக வந்தார். 2013 டிசம்பரில் அந்தப் பயணத்திலேயே இறந்தார். நாம் விடவில்லை. எண்ணெய்க் குழாயை எதிர்த்துக் கதிராமங்கலத்தில் அடி வாங்கினோம். விடவில்லை. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. 2023 மார்ச் கடைசியில் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரியையும் மைக்கேல்பட்டியையும் சேர்த்தார்கள். எழுந்தோம். சில நாட்களில் நீக்கினார்கள்.

பூமிக்கு அடியில் இருந்ததற்காக எழுந்தவர்கள், தட்டில் விழ வேண்டியதற்காக எழ மாட்டோமா?

தயங்குகிறீர்கள். தெரிகிறது. பேசினால் அடுத்த முறை நம் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்று பயம். கட்சிக்காரன் என்ன நினைப்பானோ என்று பயம். நகைக்கடன் கட்டாத பயம் வேறு. ஒற்றை ஆளாகப் போனால் அந்தப் பயம் நியாயம். அதனால்தான் சொல்கிறேன், ஒற்றை ஆளாகப் போகாதீர்கள்!

இன்றைக்கே தொடங்குங்கள். தெருத் தெருவாகப் போங்கள். வேலை இழந்த நாட்களைப் பெயர் பெயராக எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரர் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். எந்தக் கொள்முதல் நிலையத்துக்குக் கூரை இல்லை என்று குறியுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைக்கப் பார்த்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. வாருங்கள் தோழர்களே! குத்தகைக்காரரைக் கூட்டி வாருங்கள். மூட்டை தூக்கும் தோழரைக் கூட்டி வாருங்கள். களை எடுக்கும் அக்காளை முன் வரிசையில் உட்கார வையுங்கள், முதல் மனுவை அவளே கொடுக்கட்டும். பரிசீலிக்கிறோம் என்பார்கள். எழுந்திருக்காதீர்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டுக் கேளுங்கள், கையில் வாங்கும்வரை உட்கார்ந்தே இருங்கள்!