போலீஸ் வேலை முடிந்தது, விசாரணை முடியவில்லை: குழந்தைகள் மீதான குற்றங்களைத் தேடும் முன்னாள் அதிகாரிகள் - பலமா, சிக்கலா?

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்க ஒரு பெரிய ஆணையம் அமைக்கிறார்கள். அதற்குத் தலைவராக முன்னாள் போலீஸ் அதிகாரியைப் போடலாமா? 2025 அக்டோபரில் பிரிட்டனில் பெரிதாக வெடித்த கேள்வி இது. வேண்டாம் என்று முதலில் சொன்னவர்கள் அரசியல்வாதிகள் அல்ல, சிறுவயதில் அந்தக் குற்றங்களால் பாதிக்கப்பட்ட பெண்கள்.

தலைவர் பதவிக்குப் பரிசீலிக்கப்பட்டவர்களில் ஒருவர் ஜிம் கேம்பிள். வட அயர்லாந்து போலீஸில் பணியாற்றியவர். இணையத்தில் குழந்தைகளைச் சுரண்டுபவர்களைப் பிடிக்க 2006-ல் பிரிட்டன் தொடங்கிய சியோப் மையத்தின் முதல் தலைவரும் அவர்தான். அந்த மையத்தை வேறு அமைப்போடு இணைக்கும் அரசின் திட்டத்தை எதிர்த்து 2010-ல் பதவி விலகினார். அதற்குப் பிறகும் குழந்தைகள் பாதுகாப்புத் துறையிலேயே இருக்கிறார்.

அனுபவம் என்று பார்த்தால் இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். ஆனால் ஆலோசனைக் குழுவில் இருந்த பெண்கள் சிலர் அடுத்தடுத்து விலகினார்கள். "எங்களைக் கைவிட்டதே போலீஸும் சமூக நலத் துறையும்தானே, அதே இடத்திலிருந்து வந்தவர் எப்படி எங்களுக்கு நியாயம் வாங்கித் தருவார்?" என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம். கேம்பிள் ஒதுங்கிக்கொண்டார். சமூகப் பணித் துறையிலிருந்து வந்த இன்னொரு வேட்பாளரும் விலகினார். 2025 டிசம்பரில், இங்கிலாந்தின் முன்னாள் குழந்தைகள் நல ஆணையர் ஆன் லாங்ஃபீல்ட் தலைவராக அறிவிக்கப்பட்டார்.

சரி, அந்தப் பெண்களின் கோபத்துக்குக் காரணம் என்ன? போலீஸ் வேலையை விட்ட பிறகும் இதே வேலையைச் செய்பவர்களால் உண்மையில் என்ன பலன்? விரிவாகப் பார்ப்போம்.

முன்னாள் போலீஸிடம் அப்படி என்ன இருக்கிறது?

குழந்தைகள் மீதான குற்றம் மற்ற குற்றங்களைப் போல இல்லை. பெரும்பாலும் சாட்சி இருக்காது. புகார் வரவே பல வருடம் ஆகும். குற்றம் செய்தவர் தெரிந்தவராக, மதிப்புள்ளவராக இருப்பார். குழந்தை முதல் நாள் ஒன்று சொல்லும், மறுநாள் பயந்து மாற்றிச் சொல்லும்.

இந்த மாதிரி வழக்குகளில் பழகிய அதிகாரிக்குச் சில விஷயங்கள் கைவந்திருக்கும். வாயில் வார்த்தையைப் போடாமல் குழந்தையிடம் கேள்வி கேட்பது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, பழைய ஃபைலில் எந்தப் பக்கம் விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. வேலையை விட்டாலும் இந்தத் திறமை போய்விடாது. மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மட்டும்தான் போய்விடும்.

சேவைல் வழக்கு: டிவி வழியாக வந்த உண்மை

ஜிம்மி சேவைல் பிபிசியின் மிகப் பெரிய நட்சத்திரம். நன்கொடை திரட்டியவர், சர் பட்டம் பெற்றவர். 2011 அக்டோபரில் 84 வயதில் இறந்தபோது நாடே அஞ்சலி செலுத்தியது.

அவர் மீது புகாரே இல்லாமல் இல்லை. 2009-ல் சர்ரே போலீஸ் அவரை விசாரித்தது. ஆனால் வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை. 2011 கடைசியில் பிபிசியின் நியூஸ்நைட் நிகழ்ச்சி எடுத்த புலனாய்வும் ஒளிபரப்பாகாமல் நின்றுபோனது.

அதன் பிறகு இதைக் கையில் எடுத்தவர் மார்க் வில்லியம்ஸ்-தாமஸ். 1989 முதல் 2000 வரை சர்ரே போலீஸில் துப்பறியும் அதிகாரியாக இருந்து, பிறகு டிவி பக்கம் வந்தவர். பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடிப் போய், அவர்கள் சொன்னதைப் போலீஸ் வாக்குமூலம் போலவே ஒன்றோடொன்று சரிபார்த்தார். 2012 அக்டோபர் 3-ஆம் தேதி ஐடிவியில் அந்த ஆவணப்படம் வெளியானது.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. லண்டன் போலீஸ் ஆபரேஷன் யூட்ரீ என்ற விசாரணையைத் தொடங்கியது. 2013 ஜனவரியில் வந்த அறிக்கையின்படி சேவைல் தொடர்பாக 450 பேர் தகவல் கொடுத்திருந்தார்கள், 214 குற்றங்கள் பதிவாகியிருந்தன. பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 73 சதவீதம் பேர் அப்போது 18 வயதுக்குக் கீழே இருந்தவர்கள். சேவைலை யாரும் தண்டிக்க முடியவில்லை. ஆனால் அதே விசாரணை ரோல்ஃப் ஹாரிஸ், மேக்ஸ் கிளிஃபர்ட், கேரி கிளிட்டர் போன்ற பிரபலங்களைச் சிறைக்கு அனுப்பியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. வில்லியம்ஸ்-தாமஸ் யாரையும் கைது செய்யவில்லை, அந்த அதிகாரமும் அவருக்கு இல்லை. புகார் சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது என்று காட்டினார். மற்றவர்கள் தாங்களாகவே வந்தார்கள்.

மேகி ஆலிவர்: உள்ளே இருந்து முடியாமல் வெளியே வந்தவர்

மேகி ஆலிவர் 1997-ல் கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸில் சேர்ந்தவர். 2004-ல் ஆபரேஷன் அகஸ்டா என்ற விசாரணையில் வேலை செய்தார். காப்பகப் பராமரிப்பில் இருந்த 15 வயதுச் சிறுமி ஒருவர் 2003-ல் இறந்ததைத் தொடர்ந்து தொடங்கிய விசாரணை அது. கணவரின் நோய் காரணமாக ஆலிவர் விடுப்பில் போனார். திரும்பி வந்தபோது விசாரணையே மூடப்பட்டிருந்தது.

சில வருடம் கழித்து ராச்டேல் நகரத்தில் இதே மாதிரி இன்னொரு வழக்கு. பயந்துபோயிருந்த சிறுமிகளிடம் பேசி நம்பிக்கை பெறும் பொறுப்பு அவருக்கு. அவர்களும் நம்பிப் பேசினார்கள். 2012 மே மாதம் 9 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. ஆனால் முக்கியத் தகவல் கொடுத்த ஒரு சிறுமியை சாட்சிப் பட்டியலிலிருந்து நீக்கியதோடு, குற்றப்பத்திரிகையில் கூட்டுச் சதியாளராகவும் பெயர் சேர்த்தார்கள். ஆலிவர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு உண்மையை வெளியே பேசினார். 2019-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ ஒரு அறக்கட்டளையையும் தொடங்கினார்.

பலன் வர பத்து வருடம் ஆனது. 2022 ஏப்ரலில் மான்செஸ்டர் போலீஸ் தலைவர், ராச்டேல் சம்பவத்தில் பாதிக்கப்பட்ட 3 பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார். இழப்பீடும் தரப்பட்டது.

மூடிய ஃபைலைத் திறந்தால் என்ன வந்தது?

மூன்றாவது வழி இன்னும் அமைதியானது. கேம்பிரிட்ஜ்ஷயர் போலீஸில் உயர் துப்பறியும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் கேரி ரிட்ஜ்வே. குழந்தைகள் நல நிபுணர் மால்கம் நியூசமோடு சேர்ந்து மான்செஸ்டர் பகுதியின் பழைய வழக்குகளை மறு ஆய்வு செய்தார். 2017-ல் இதற்கு உத்தரவிட்டவர் மேயர் ஆண்டி பர்னம்.

2020 ஜனவரியில் அகஸ்டா பற்றிய அறிக்கை வந்தது. அந்த விசாரணையில் குறைந்தது 57 சிறுமிகள் பாதிக்கப்பட்டவர்களாகவும், 97 பேர் சந்தேக நபர்களாகவும் அடையாளம் காணப்பட்டிருந்தனர். இருந்தும் 2005-ல் மூடிவிட்டார்கள். விசாரிக்க வேறு வழியே இல்லை என்பதால் அல்ல, ஆள் பலமும் பணமும் ஒதுக்கப்படாததுதான் காரணம் என்றது அறிக்கை.

2024 ஜனவரியில் ராச்டேல் பற்றிய அறிக்கை. குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்தாக இருக்கக்கூடியவர்கள் என 96 ஆண்கள் குறிப்பிடப்பட்டார்கள். ஆலிவரும், பாலியல் நலப் பணியாளர் சாரா ரோபோதமும் ஆரம்பத்திலிருந்தே சொன்னது சரிதான் என்பதும் உறுதியானது. ரோபோதம் போலீஸ் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எச்சரிக்கை மணி அடிக்க யூனிஃபார்ம் தேவையில்லை.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே இது தனிமனித முயற்சி இல்லை, ஓர் ஏற்பாடாகவே இருக்கிறது. 1984-ல் தொடங்கப்பட்ட காணாமல் போன மற்றும் சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம், டீம் ஆடம் என்ற பெயரில் ஒரு குழுவை வைத்திருக்கிறது. அதில் இருப்பவர்கள் ஓய்வு பெற்ற அனுபவசாலி அதிகாரிகள். ஒரு குழந்தை காணாமல் போனால் அந்த ஊர் போலீஸுக்கு உதவப் போவார்கள். வழக்கு உள்ளூர் போலீஸின் கையில்தான் இருக்கும், இவர்கள் ஆலோசனை மட்டும் சொல்வார்கள். யாருக்கு என்ன அதிகாரம் என்ற குழப்பம் இதில் குறைவு.

ஆபத்து எங்கே இருக்கிறது?

வெளியிலிருந்து விசாரிப்பவருக்கு சோதனை வாரன்ட் கிடையாது. செல்போன் பதிவுகளைக் கேட்டு வாங்க முடியாது. அதைவிடப் பெரிய பிரச்னை, குழந்தையிடம் முதலில் பேசுபவர் தவறாகப் பேசிவிட்டால் வழக்கே கெட்டுவிடும். "அந்தக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்" என்று நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வரியில் முடித்துவிடுவார்.

பொய்ப் புகாரை நம்பினாலும் சேதம்தான். பிரிட்டனில் கார்ல் பீச் என்பவர் முன்னாள் அரசியல் தலைவர்கள் மீது பயங்கரமான குற்றச்சாட்டுகளைச் சொன்னார். ஒரு செய்தி இணையதளம் அதைப் பெரிதாக்கியது. போலீஸ் சரியாகச் சோதிக்காமலேயே நம்பியது. 2014-ல் தொடங்கிய ஆபரேஷன் மிட்லேண்ட், 2016-ல் ஒருவர் மீதுகூட வழக்குப் போடாமல் முடிந்தது. பொய் சொன்ன பீச்சுக்கு 2019-ல் 18 வருட சிறை. இடையில் நிரபராதிகளின் பெயர் கெட்டதுதான் மிச்சம். உண்மையாகவே பாதிக்கப்பட்டவர்கள் பேசவும் இது தடையானது.

ஆக, குழந்தை சொல்வதை மரியாதையோடு கேட்க வேண்டும், அதே நேரம் ஒவ்வொன்றையும் சரிபார்க்கவும் வேண்டும். இரண்டில் எதை விட்டாலும் ஆபத்துதான்.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பே இருக்கிறது. ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்கள் குழந்தைகள் தொடர்பான ஆபாசப் பதிவுகளைக் கண்டால் மேலே சொன்ன அமெரிக்க மையத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. 2019-ல் போடப்பட்ட ஒப்பந்தப்படி, இந்தியா தொடர்பான தகவல்கள் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வந்து, அங்கிருந்து மாநில போலீஸுக்குப் போகின்றன. தமிழ்நாட்டில் இப்படி வந்த ஒரு வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே வருடம் செப்டம்பர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளுபடி செய்து, இத்தகைய பதிவுகளை வைத்திருப்பதும் போக்சோ சட்டப்படி குற்றமாகலாம் என்று தெளிவுபடுத்தியது.

குழந்தையிடம் யார், எப்படிப் பேச வேண்டும் என்பதையும் போக்சோ சட்டம் சொல்கிறது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெற வேண்டும். முடிந்தவரை, உதவி ஆய்வாளர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி பேச வேண்டும். யூனிஃபார்மில் வரக்கூடாது. இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ பக்கத்தில் இருக்க வேண்டும். வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் துணையாக ஓர் ஆதரவு நபரை நியமிக்கவும் விதிகளில் இடம் உண்டு.

எவ்வளவு அனுபவம் இருந்தாலும் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இங்கே தனியாக விசாரணை நடத்தி வாக்குமூலம் பதிவு செய்ய முடியாது. ஆனால் பயிற்சி கொடுக்கலாம், குடும்பத்துக்கு வழிகாட்டலாம், வழக்கு தேங்கினால் கேள்வி கேட்கலாம். குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பது இந்தச் சட்டப்படி குற்றம். அது முன்னாள் அதிகாரிக்கும் பொருந்தும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொருந்தும்.

அப்போ பலமா, சிக்கலா?

போலீஸில் இருந்தார் என்பதற்காக யாரையும் ஒதுக்கவும் முடியாது, கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. ஆலிவரைப் பாதிக்கப்பட்டவர்கள் நம்பியதற்குக் காரணம், தன் துறையையே எதிர்த்து நின்றார் என்பது. ரிட்ஜ்வேயின் அறிக்கைக்கு மதிப்பு வந்ததற்குக் காரணம், அவர் ஆய்வு செய்தது தான் வேலை பார்த்த போலீஸை அல்ல, வேறு பகுதிப் போலீஸை. கூடவே போலீஸ் அல்லாத ஒரு நிபுணரும் இருந்தார். கேம்பிள் விஷயத்தில் எழுந்தது அவருடைய திறமை பற்றிய சந்தேகம் அல்ல. ஒரு துறை தவறு செய்ததா என்று அதே துறைக்காரரே தீர்ப்புச் சொல்லலாமா என்ற கேள்வி.

பிரிட்டனின் புதிய விசாரணைக்கும் அதுதான் சோதனை. மூடிய ஃபைல்களைப் படிக்க போலீஸ் அனுபவம் தேவை. ஏன் மூடினார்கள் என்று கேட்க, அந்தத் துறைக்குக் கடன்படாத ஆள் தேவை.

குழந்தைகளுக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098 என்ற இலவச உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.